பின்னால் நின்ற குரல்

ஜூன் 4

அன்புள்ள அத்தான்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றி வருவீர்கள் என்று தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதே அக்காவிடம் சொல்லிவைத்தேன், கெட்ட செய்தி எதுவும் இல்லை, பிரிக்கச் சொல் என்று. பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். சண்டையைத் தொடர அல்ல. ஒரு வேலை இருக்கிறது.

ஜிம்களில் பயிற்சி கொடுக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கழகம் ஒன்றில் நான் இருப்பதை அக்கா சொல்லியிருப்பாள். இங்கே எல்லோரும் என்னைப் பெரிய மாஸ்டர் என்கிறார்கள். அந்தப் ‘பெரிய’ வயதைக் குறிக்கிறது என்று போன வருஷம்தான் புரிந்தது. ஆகஸ்டில் எங்கள் ஆண்டுக் கூட்டம், இரண்டு நாள். நூற்றிருபது பயிற்சியாளர்கள் வருவார்கள். எடை தூக்க, ஓட, குதிக்க எல்லாவற்றுக்கும் வகுப்பு உண்டு. சும்மா இருப்பதற்கு மட்டும் கிடையாது. மல்லுக்கட்டி அதற்கு முக்கால் மணி நேரம் வாங்கினேன். கொஞ்சம் யோகா, கொஞ்சம் மூச்சு, பிறகு கண்ணை மூடி அமைதியாக இருப்பது. நிகழ்ச்சி நிரலில் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று போடுகிறார்கள்.

முதல் வருஷம் வந்தவர் புல்லாங்குழல் வாசித்துவிட்டுப் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசினார். பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். போன வருஷம் வந்தவர், யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறார்கள் என்று போட்டி வைத்தார். ஒருவன் மயங்கி விழுந்தான். இந்த வருஷமும் சொதப்பினால் அந்த நேரம் டிரம்ஸ் நடனத்துக்குப் போய்விடும், பாடத்திட்டத்திலிருந்தும் எடுத்துவிடுவோம் என்று எங்கள் தலைவி கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்து இதைச் செய்யக்கூடிய குரல் ஒன்றுதான் இருக்கிறது. அது உங்களுடையது. முன்பு போல் நான் செய்து காட்ட முடியாது. வலது இடுப்பு மூட்டை மாற்றி ஏழு மாதமாகிறது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும்.

வாருங்கள்.

உங்கள் மைத்துனன்

ஜூன் 13

அன்புள்ள மாப்பிள்ளை,

இரண்டு சுற்று அல்ல, ஒரு முழு நாள் ஆயிற்று உறையைப் பிரிக்க. பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதையாவது அனுப்புவேனா என்பது எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது.

என்னால் வர இயலாது. எனக்கு எழுபத்து நான்கு வயது. பதினோரு வருஷமாக நான் யாரிடமும் மூச்சை உள்ளே இழுங்கள் என்று சொன்னதில்லை. நீ சொல்லும் குரலும் இப்போது இல்லை. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் ‘சொல்லுங்கம்மா’ என்கிறார்.

இவை இரண்டையும் ஒருவாறு சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவது காரணத்தைச் சமாளிக்க முடியாது. நான் ஒரு நாளும் வகுப்பின் முன்னால் நின்றதில்லை. அது உனக்கு மறந்திருக்காது.

நம் யோகா வகுப்பு நடந்த டயர் கடை மாடியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அடிக்கடி என்றால் தினமும். மாலை ஆறரை மணி. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். உன் அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பாள். முப்பத்து நான்கு விரிப்புகள். முன்னால் நீ. கடைசி வரிசைக்கும் பின்னால், ஜன்னலோரம், நான். கையில் அட்டைகள். எங்கள் நூலகத்தில் புத்தக அட்டவணையைக் கணினிக்கு மாற்றியபோது கழித்துக் கட்டிய அட்டைகள் அவை. முன்பக்கம் புத்தகத்தின் பெயர், பின்பக்கம் என் எழுத்தில் அன்றைய பாடம். உடம்பு உன்னுடையது, சொல் என்னுடையது. நான் ‘வலது கை’ என்று வாயெடுக்கும்போதே உன் வலது கை பாதி உயரத்தில் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே போயிற்று. யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தைரியம்.

ஒரு நாள் காய்கறிக் கடையில் ‘கால் கிலோ போதும்’ என்றேன். பக்கத்தில் நின்ற பெண்மணி சட்டென்று முதுகை நிமிர்த்தினார். நான்கு வருஷம் நம் வகுப்புக்கு வந்தவர். என் முகம் அவருக்குத் தெரியாது. இதை உன்னிடம் சொன்னபோது நீ விரிப்பில் உருண்டு சிரித்தாய்.

அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் நூற்றிருபது பயில்வான்களுக்கு முன்னால் நிறுத்துவது இரு தரப்புக்கும் நல்லதல்ல. வேறு யாரையாவது பார்.

உன் கழுத்து எப்படி இருக்கிறது? உன் அக்காவிடம் கேட்க முடியாத கேள்வி என்பதால் இங்கே கேட்கிறேன்.

அன்புடன்
அத்தான்

ஜூன் 22

அன்புள்ள அத்தான்,

கழுத்து இடது பக்கம் முழுதாகத் திரும்பாது. காரைப் பின்னால் எடுக்க வேண்டுமானால் இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுகிறேன். பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் என் பிறப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். மற்றபடி சௌக்கியம்.

நான் ஜிம் வேலைக்குப் போனது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் நமக்குள் பேச்சு நின்றுபோயிற்று என்று அக்கா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். நமக்குள்ளாவது ஒரு தடவை பேசிவிடுவோம்.

மாதக் கடைசியில் போகிறேன் என்று அன்று காலையில்தான் உங்களிடம் சொன்னேன். ‘நல்லது’ என்றீர்கள், அவ்வளவுதான். மாலை வகுப்பில் ஹலாசனம். மல்லாந்து படுத்து, காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் தரையில் ஊன்றி, பாரம் முழுவதும் கழுத்தடியில் நிற்கிற நிலை. முப்பது எண்ணியதும் எல்லோரையும் இறக்கிக் கண்ணை மூடிப் படுக்க வைப்பீர்கள். நான் மட்டும் அறுபது. செய்து காட்டுகிறவன் படிக்கிறவனைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்பது முதல் நாளே நாம் போட்ட விதி. நீங்கள் ‘இறங்கலாம்’ என்று சொல்லாமல் நான் ஒரு நாளும் இறங்கியதில்லை.

அன்றைக்கு அறுபது தாண்டியது. நூறு தாண்டியது. கீழே டயர் கடை ஷட்டரை இழுத்துவிட்ட சத்தத்துக்குப் பிறகுதான் உங்கள் குரல் வந்தது. மறந்துவிட்டீர்கள். மறதி யாருக்கும் வரும். என் கோபம் அதற்கல்ல. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை, ‘வலிக்குதா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டைகளுக்கு ரப்பர் பாண்ட் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டீர்கள். நான் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தேன். அக்கா நான் தூங்குகிறேன் என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

மறந்ததை நான் மன்னித்து வெகுநாள் ஆகிறது. பயில்வான்கள் கடிக்க மாட்டார்கள். ஜூலை பத்துக்குள் நிரலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சரி என்று ஒரு வரி போதும்.

உங்கள் மைத்துனன்

ஜூலை 1

அன்புள்ள மாப்பிள்ளை,

ஒரு வரி போதும் என்றாய். ஒரு வரிதான். நான் மறக்கவில்லை.

எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். இவ்வளவு சின்ன வாக்கியமா? இதைச் சொல்லப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டவனை என்னவென்று சொல்வது?

அறுபது வந்தபோது அந்தச் சொல் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் நீ இறங்குவாய். இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் வகுப்பு முடியும். நீ விரிப்பைச் சுருட்டுவாய். அந்த மாதத்தில் மீதி எத்தனை வகுப்பு என்று காலையிலேயே நாள்காட்டியில் பார்த்து வைத்திருந்தேன். ஒன்பது. நீ அப்படியே இருக்கும்வரை அது ஒன்பதாகவே இருக்கும் என்று ஓர் அற்ப புத்தி. உன்னைத் தண்டிக்க நினைத்தேனா என்று என்னை நானே பல முறை விசாரித்திருக்கிறேன். இல்லை என்று சொல்லத்தான் ஆசை. முழு நிச்சயம் இல்லை. காலையில் நான் சொன்ன ‘நல்லது’ அவ்வளவு நல்லெண்ணத்தில் சொன்னது அல்ல.

உன் பாதங்கள் வெளுத்தது ஜன்னலோரத்திலிருந்து தெரிந்தது. எண்ணுவதை நிறுத்தவில்லை. இருநூற்றுப் பதினான்கு. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

அதன்பிறகு உன் பக்கத்தில் வந்து வலிக்கிறதா என்று எந்த முகத்தோடு கேட்பது? அதனால் போய்விட்டேன். நீ மீதி ஒன்பதுக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று உன் அக்கா பதிவேட்டில் எழுதினாள். அடுத்த மாதம் நான் வகுப்பை மூடினேன். ஆள் வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆள் வந்தார்கள். எண்ணிக்கை மறந்துபோகிற ஆசிரியன் என்றால் ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். நன்றாக எண்ணிக்கொண்டே ஓர் ஆளை நோகவிடுகிறவன் என்ன வைத்துக்கொள்வது?

இது தெரிந்த பிறகும் நான் வர வேண்டும் என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் அக்காவோடு பேசு. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அத்தான்

ஜூலை 9

அத்தான்,

கடிதம் வந்து ஐந்து நாள் ஆயிற்று. முதல் நாள் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உங்களைத் திட்டினேன், மரியாதை இல்லாமல். இரண்டாம் நாளும் திட்டினேன், கொஞ்சம் மரியாதையோடு. மூன்றாம் நாள் திட்ட வரவில்லை.

நீங்கள் மறந்துவிட்டதாக நான் எழுதியது பொய். உங்களுக்காகச் சொன்ன பொய் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கிறது. நானும் எண்ணிக்கொண்டுதான் கிடந்தேன். தொண்ணூறிலேயே தெரிந்துவிட்டது, நீங்கள் மறக்கிற ஆள் இல்லை என்று. இறங்கியிருக்கலாம். என்னை யார் கட்டிப் போட்டது? ‘அவரே சொல்லட்டும், அதுவரைக்கும் இறங்க மாட்டேன்’ என்று கிடந்தேன். நாற்பத்தொன்பது வயதில் அவ்வளவு வீம்பு. கழுத்தில் பாதி உங்கள் வேலை, பாதி என் வேலை.

எனக்கு இருநூற்றொன்பதுதான் வந்தது. நீங்கள் கொஞ்சம் வேகமாக எண்ணியிருக்கிறீர்கள்.

நிரலில் போட்டுவிட்டேன். இரண்டாம் நாள், காலை பதினொன்று முதல் பதினொன்றே முக்கால் வரை, பெரிய ஹால். நான் உள்ளே வர மாட்டேன். வந்தால் நீங்கள் என் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பீர்கள். வாசலில் இருப்பேன்.

மைத்துனன்

ஜூலை 21

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. எண்ணிக்கை சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்ச காலத்துக்கு இல்லை.

பத்தொன்பது அட்டைகள் தயார் செய்திருக்கிறேன். வணக்கம் என்பதற்கே ஓர் அட்டை. நின்று செய்வது எட்டு நிமிஷம், உட்கார்ந்து செய்வது ஏழு, மூச்சு பத்து, படுத்திருப்பது பதினைந்து, மீதி ஐந்தும் என் தடுமாற்றத்துக்கு. வீட்டில் உன் அக்காவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். மைண்ட்ஃபுல்னஸ் என்றால் என்ன என்று கேட்டாள். இப்போது செய்கிற காரியத்தில் கவனமாக இருப்பது என்றேன். “கவனமா இருங்கன்னு நான் தினம் நாலு தடவை சொல்றேன். அதுக்கு எதுக்கு ஹாலும் மைக்கும்?” என்றாள். அதையும் ஓர் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

சில சந்தேகங்கள். அவர்களை எப்படி அழைப்பது? மாணவர்களே என்பது பொருந்தாது, எல்லோருமே ஆசிரியர்கள். என்ன உடுத்துவது? அரைக்கை சட்டை போட்டால் என் கைகளைப் பார்ப்பார்கள். அவை பார்க்கிற மாதிரி இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது? இரண்டடி இருந்தாலும் போதும்.

அத்தான்

ஆகஸ்ட் 20

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையத்தில் நாம் இருவரும் உருப்படியாக எதுவும் பேசவில்லை. இடுப்பில் உலோகத்தை வைத்துக்கொண்டு நீ என் பையைத் தூக்கினாய். நான் தூக்கவிட்டேன். நீ வாசலிலேயே இருந்தாய் என்பதால் உள்ளே நடந்ததை ஒழுங்காக எழுதுவது என் கடமை. வகுப்பு கெட்டுப்போயிற்று என்றால் எங்கே கெட்டது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னால் இடம் இருக்கிறதா என்று கேட்டேனே, இருந்தது. நீ சொல்லாத ஒன்றும் இருந்தது. மூன்று சுவரிலும் கண்ணாடி. நான் வணக்கம் சொல்லிவிட்டு வழக்கம்போல் பின்னால் போனேன். நூற்றிருபது பேரும் திரும்பி என்னைப் பார்த்து நின்றார்கள். பக்கவாட்டில் போனேன். பக்கவாட்டில் திரும்பினார்கள். முன்னால் நிற்கிறவரைப் பார்த்தே பிழைக்கிறவர்கள், நான் எங்கே நின்றாலும் அதையே முன்பக்கம் ஆக்கிவிட்டார்கள். இரண்டு முறை இப்படிச் சுற்றிய பிறகு, தலையில் பச்சைப் பட்டை கட்டியிருந்த ஒரு பயிற்சியாளர் அம்மாள் இரக்கத்தோடு சொன்னார்: “சார், நீங்க எங்க போனாலும் கண்ணாடில தெரியறீங்க. பேசாம ஒரு இடத்துல நில்லுங்க.”

நின்றேன். எனக்கு முன்னால் நூற்றிருபது பேர், கண்ணாடியில் இன்னும் சில நூறு பேர், எல்லோருக்கும் நடுவில் முழுக்கை சட்டையோடு நான். முதல் அட்டையை எடுத்தேன்.

நின்று செய்யும் பகுதியில் யாரும் தன் உடம்பைக் கவனிக்கவில்லை. அடுத்தவர் தோளைத் திருத்தினார்கள், முழங்காலைத் தள்ளிவிட்டார்கள். ஒருவர் மற்றவருக்கு ‘சபாஷ், இன்னும் ஒண்ணு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சொல்வதை எனக்குப் பதில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மூச்சுக்கு வந்தோம். மூச்சைக் கவனியுங்கள் என்றேன். எல்லோரும் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்தார்கள். முன்வரிசையில் கதவு அகலத்துக்கு ஒருவர் கையைத் தூக்கினார்.

“சார், எத்தனை செட், எத்தனை ரெப்?”

எண்ண வேண்டாம் என்றேன்.

“எண்ணாம எப்படி சார்?”

யாரும் சிரிக்கவில்லை. கேலிக்குக் கேட்டதல்ல. காலையிலிருந்து இரவுவரை பிறருக்காக எண்ணுகிற மனிதன், உண்மையாகவே வழி கேட்டார். பதினோராவது அட்டையில் அதற்கு ஏதோ எழுதி வைத்திருந்தேன். படிக்க வாய் வரவில்லை. “எனக்கும் தெரியல, நானும் எண்ணுற ஆளுதான்” என்று சொல்லிவிட்டேன். மைக்கில் சொல்லிவிட்டேன்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா நிற்கக் கூடாதே என்று, இன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். நாலு என்றார். பின்னாலிருந்து மூணே முக்கால் என்றார் ஒருவர். பச்சைப் பட்டை அம்மாள், “அஞ்சு மணிக்கு ஜிம் திறக்கணும் சார். ராத்திரி பேட்ச் முடிச்சுப் படுக்கப் பதினொண்ணு ஆயிடும். மத்தியானம் ஜிம் காலியா கிடக்கும், ஆனா வீட்டுக்குப் போய்ட்டு வர நேரம் இருக்காது” என்றார். எத்தனை வருஷமாக என்றேன். எட்டு என்றார். அந்த உடம்புகளைப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது, மாப்பிள்ளை. நான் அருகில் நின்றதால் கண்களைப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் நின்றிருந்தால் முதுகுகள்தான் தெரிந்திருக்கும்.

அட்டைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் படுங்கள் என்றேன். பாதத்திலிருந்து தொடங்கி மேலே வந்தேன். முழங்காலுக்கு வரும்போது முதல் குறட்டை. வயிற்றுக்கு வந்தபோது நான் பேசுவதை ஒருவரும் கேட்கவில்லை. கதவு அகலத்துக்காரர் குழந்தை மாதிரி கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். மைக்கை அணைத்தேன்.

பதினொன்றே முக்கால் ஆனது தெரியும். உன் நிகழ்ச்சி இதனால் போய்விடும் என்பதும் தெரியும். எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டிய நேரம் அது. சொல்லவில்லை. பன்னிரண்டேகாலுக்கு அவர்களாக ஒவ்வொருவராக எழுந்தார்கள். முன்பு செய்த அதே தவறா, அல்லது வேறொன்றா என்று பேருந்தில் வழிநெடுக யோசித்தேன். அன்றைக்கு என் பொருட்டு நிறுத்தி வைத்தேன். இன்றைக்கு அவர்கள் பொருட்டு என்று நினைக்கிறேன். நான் நினைப்பது எவ்வளவு தூரம் சரி என்று உனக்குத் தெரியும்.

வெளியே சத்தம் கேட்டதே, என்ன நடந்தது?

அத்தான்

ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தான்,

வெளியே நடந்தது இது. பதினொன்றே முக்காலுக்கு டிரம்ஸ் நடனக்காரர் எட்டு டிரம், இரண்டு ஸ்பீக்கர், தான் கூட்டிவந்த எண்பது ஆட்டக்காரர்களோடு வந்து நின்றார். நான் கதவில் முதுகை வைத்துக்கொண்டேன். உள்ளே பரீட்சை நடக்கிறது என்றேன். “யோகாவுல என்ன மாஸ்டர் பரீட்சை?” என்றார். எழுத்துத் தேர்வு என்றேன். வாயில் அதுதான் வந்தது. அதற்குள் ஒரு குறட்டை கதவைத் தாண்டி வந்தது. “எழுதிட்டுத் தூங்குறாங்களா?” என்றார். நல்ல மனிதர், டிரம்மைக் கீழே இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நின்றேன். உட்கார்ந்தால் எழ முடியாதே.

தலைவி வந்தார். கதவை நாலு விரல் திறந்து பார்த்தார். நூற்றிருபது பேர் தரையில். நடுவில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். மூடிவிட்டு, “இதுக்கா மாஸ்டர் ஹால் குடுத்தோம்?” என்றார்.

நேற்றுக் குழு கூடியது. எடுத்துவிட்டார்கள், அத்தான். ‘பங்கேற்பாளர்கள் உறங்கினர், அடுத்த நிகழ்ச்சி அரை மணி தாமதம்’ என்று பதிவு செய்திருக்கிறார்கள். பொய் இல்லை. கருத்துப் படிவம் நிரப்பச் சொன்னதில் பதினாறு பேர்தான் நிரப்பியிருந்தார்கள். அதில் ஒன்றை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ‘இன்றைக்கு நான் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. குழுவில் அதைப் படித்துக் காட்டினேன். “நல்ல விஷயந்தான், ஆனா இது பயிற்சி இல்லையே” என்றார் தலைவி. அவர் மேலும் தப்பில்லை.

மூன்று வருஷ வேலை. தோற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் மேல் வருத்தம் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும். கதவில் முதுகை வைத்து நின்றபோது உங்கள் குரல் கேட்டது. பாதம், கணுக்கால் என்று. என் கால் தானாகத் தளர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

மைத்துனன்

செப்டம்பர் 24

அன்புள்ள மாப்பிள்ளை,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. ஒரு காரியத்தைச் செய்து பார்க்காமல் உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன்.

எங்கள் தெருவைத் தாண்டி, மருந்துக் கடைக்கு மேல் ஒரு ஜிம் இருக்கிறது. நான்கு நாள் அதன் வாசல்வரை போய்த் திரும்பினேன். மருந்துக் கடைக்காரர் நான்காவது நாள் என்னைக் கூப்பிட்டு, சீட்டு தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஐந்தாவது நாள் மேலே ஏறிவிட்டேன். முதலாளி உடம்பெல்லாம் தோளாக இருந்தார். “சேரணுமா ஐயா? உங்க வயசுக்குத் தனி பேட்ச் இருக்கு” என்றார். நான் சேர வரவில்லை என்றேன். உங்கள் பயிற்சியாளர்கள் மத்தியானம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் உள்ளே கையைக் காட்டினார். பன்னிரண்டிலிருந்து நான்குவரை அங்கே வாடிக்கையாளர்கள் கிடையாது. இயந்திரங்களுக்கு நடுவில் ஆறு பேர் சுவரில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தியின் கண் போன்மேல் இருந்தது, ஆனால் திரை அணைந்திருந்தது.

மூன்று வாரமாக நடக்கிறது. முதல் நாள் ஆறு பேர். இப்போது பக்கத்து ஜிம்மிலிருந்தும் சேர்ந்து பதினோரு பேர். அங்கும் எல்லாப் பக்கமும் கண்ணாடிதான். நான் இப்போது இடம் தேடுவதில்லை. பத்து நிமிஷம் மூச்சு, பிறகு படுக்கை. தூங்குகிறவர்கள் தூங்குகிறார்கள். தூங்காதவர்கள் நான் சொல்வதைக் கேட்கிறார்கள். முதல் வாரம் தூங்கியவர்களில் மூன்று பேர் இப்போது விழித்துக்கொண்டே படுத்திருக்கிறார்கள். இதைப் பயிற்சி என்று சொல்லலாமா என்று உங்கள் தலைவிதான் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர்களை எழுப்புகிறேன். ஒரு நாளும் தவறவில்லை. முகம் கழுவிக்கொண்டு போகிறார்கள்.

உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஹலாசனத்திலிருந்து. அன்றைக்கு விளக்கை அணைத்தது தன் தப்பு என்று சொன்னாள். நான் இல்லை என்றேன். பிறகு இருவரையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை உனக்கும் மீதி இருக்கிறது, தயாராக இரு.

இதுவரை எழுதியது தகவல். ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

போன வாரம் அவர்கள் படுத்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நீ என் வகுப்பில் இருபத்திரண்டு வருஷம் இருந்தாய். ஒரு நாளாவது நீ அதில் படித்தாயா? எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருக்க, நீ அவர்களுக்காகப் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தாய். கடைசி நிமிஷம்வரை உன் கால்விரல்கூடச் சரியான கோணத்தில் இருக்கும். நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரு மனிதன் முன்னால் இப்படி வேலை செய்துகொண்டிருக்கிறானே, இவன் எப்போது இளைப்பாறுவான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

லீவு எடுத்துக்கொண்டு வா. தரையில் உட்கார முடியாது என்றாய். இங்கே எடை தூக்கும் பெஞ்சு இருக்கிறது, நாற்காலி உயரம், நீளமானது. அதன்மேல் மெத்தை போடச் சொல்லி அளவெடுத்துக் கொடுத்துவிட்டேன். எழுப்பிவிடப் பதினோரு பயில்வான்கள் இருக்கிறார்கள். நீ யாருக்கும் எதையும் செய்து காட்ட வேண்டாம். உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள், நான் ஒருவனைத் தவிர. கால் எப்படிக் கிடந்தாலும் கிடக்கட்டும்.

செவ்வாயும் வெள்ளியும், மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்ட கையோடு வராதே. வந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள். எண்ணாதே. நேரமானால் நான் சொல்கிறேன்.

அன்புடன்
அத்தான்